சோஷியாலஜியா? அதான் எல்லாருக்கும் தெரியுமே!

ஹலோ மக்களே, வணக்கம். ஃபேன் ஓடுது, கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. நிறுத்தினா நான் வெந்துடுவேன்.

பி.ஏ சோஷியாலஜி, அதாவது சமூகவியல், முடிச்சாச்சு. இந்த மூணு வருஷத்துல நான் அதிகமா கேட்ட வசனம் எது தெரியுமா? "அதுல படிக்க என்ன இருக்கு? குடும்பம், கல்யாணம், மதம், வேலை... இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" முதல் வருஷம் இதுக்கு என்கிட்ட பதிலே கிடையாது. நிஜமாச் சொன்னா, எனக்கே அப்படித்தான் தோணுச்சு.

சரி, உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்துல லட்சக்கணக்கான சிப்பாய்கள்கிட்ட சர்வே எடுத்தாங்க. அதுல வந்ததுன்னு ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, அதிகம் படிச்ச சிப்பாய்களுக்குத்தான் மனசு ரீதியான பாதிப்பு அதிகமா இருந்துச்சு. ரெண்டு, கிராமத்துல இருந்து வந்தவங்க நகரத்து ஆளுங்களை விட உற்சாகமா இருந்தாங்க. என்ன தோணுது? "அட, இதுல என்ன அதிசயம்? படிச்சவன் ரொம்ப யோசிப்பான், கிராமத்து ஆளுக்குக் கஷ்டம் பழகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சர்வேயா?" அப்படித்தானே?

நான் சொன்ன ரெண்டுமே தப்பு. சர்வேல வந்தது அப்படியே தலைகீழ்! 1949ல பால் லாசர்ஸ்ஃபெல்டுன்னு ஒருத்தர் அந்த ஆய்வைப் பத்தி எழுதும்போது வாசகர்கள்கிட்ட பண்ணின குறும்பு இது. முதல்ல தப்பா ஒரு பட்டியலைக் குடுத்து தலையாட்ட வெச்சிட்டு, அப்புறம்தான் உண்மையைப் போட்டு உடைச்சார். நான் உண்மையை முதல்லயே சொல்லியிருந்தா அதுக்கும் "தெரிஞ்சதுதானே"ன்னுதான் சொல்லியிருப்பீங்க. ரெண்டு பக்கத்துக்கும் நம்மகிட்ட காரணம் ரெடியா இருக்கு, அதுதான் பிரச்சினையே. இதைக் கிளாஸ்ல கேட்ட அன்னிக்குத்தான் நான் கடைசி பெஞ்சுல இருந்து நிமிர்ந்து உக்காந்தேன்.

அதனால சேரப் போறவங்களுக்குச் சொல்றேன். முதல் வருஷம் தியரிதான் ஓடும். காம்த், மார்க்ஸ், துர்கைம், வெபர்னு இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவங்க பேரு வரிசையா வரும், கூடவே டெஃபனிஷன். மனப்பாடம் பண்ணி எழுதினா பாஸ் ஆயிடலாம், நானும் அதைத்தான் பண்ணேன். டால்காட் பார்சன்ஸ்னு ஒரு அமெரிக்க சோஷியாலஜிஸ்ட், அவர் வரும்போது மட்டும் தலை சுத்தும். உங்க மேல தப்பு இல்ல. 1959ல சி. ரைட் மில்ஸ்னு இன்னொரு சோஷியாலஜிஸ்ட், பார்சன்ஸோட நீள நீளப் பத்திகளை எடுத்துப் போட்டு, "இவர் சொல்ல வர்றது இவ்வளவுதான்"னு நாலு வரியில சுருக்கிக் காட்டி கிண்டலே பண்ணியிருக்கார். அதைப் படிச்சதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆனா துர்கைமை அப்படித் தாண்டிப் போயிடாதீங்க. 1897ல அவர் தற்கொலையை ஆய்வுக்கு எடுத்துக்கிட்டார். ஒரு தனி மனுஷனோட முடிவுன்னு நாம நினைக்கிற விஷயம் அது. ஆனா வருஷா வருஷம் ஆட்கள் வேற, ஒரு நாட்டோட தற்கொலை விகிதம் மட்டும் பெருசா மாறாம இருக்கே, ஏன்னு கேட்டார். கத்தோலிக்கர்களை விட புராட்டஸ்டன்ட்டுகள்கிட்ட விகிதம் அதிகம்னு காட்டி, மனுஷங்களுக்கு நடுவுல இருக்கிற பிணைப்போட அதை முடிச்சுப் போட்டார். நம்ம கைடு புக் எல்லாம் இதோட நின்னுடும்.

சுவாரசியமே அதுக்கப்புறம்தான். 1967ல ஜாக் டக்ளஸ்ங்கிற சோஷியாலஜிஸ்ட் வேற ஒண்ணு கேட்டார்: ஒரு சாவைத் தற்கொலைன்னு பதிவு பண்றது யாரு? ஒரு அதிகாரி முடிவு பண்றார். அது பெரிய அவமானமா இருக்கிற இடத்துல குடும்பம் மறைக்கலாம். அப்போ துர்கைம் எண்ணினது சாவுகளையா, இல்ல பதிவேட்டுல எழுதினதையா? இந்தக் கேள்வி ஒரு தடவை மண்டைக்குள்ள போயிடுச்சுன்னா அப்புறம் எந்தப் புள்ளிவிவரத்தையும் பழைய மாதிரி பார்க்க முடியாது. நியூஸ் பார்க்கிறதே கஷ்டமாயிடும், வீட்ல திட்டு வாங்குவீங்க.

ரிசர்ச் மெத்தட்ஸ் பேப்பர் பத்திச் சொல்லியே ஆகணும். "கணக்கு வேணாம்னுதானே ஆர்ட்ஸ் எடுத்தோம்"னு நாங்க புலம்பாத நாளே இல்ல. சாம்பிளிங் (யார் யார்கிட்ட கேக்கணும்னு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது), கை-ஸ்கொயர் (ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு பார்க்கிற கணக்கு) எல்லாம் இருக்கு, ஆனா கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா சமாளிச்சிடலாம். என்னைச் சாய்ச்சது கணக்கு இல்ல, சர்வேக்கு நாமளே தயார் பண்ற கேள்வித்தாள்!

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு வீட்டு வேலையை எடுத்தேன். ஆண்கள்கிட்ட என்னோட முதல் கேள்வி: "நீங்கள் வீட்டு வேலையில் உதவி செய்வீர்களா?" பேசின அத்தனை பேரும் "ஆமா"ன்னாங்க. ஆஹா, உலகம் மாறிடுச்சுன்னு சந்தோஷமா பேப்பரை எடுத்துக்கிட்டு மேடம்கிட்ட போனேன். அவங்க ஒண்ணுமே பேசல. 'உதவி'ங்கிற வார்த்தையைச் சுத்தி சிவப்புப் பேனாவுல ஒரு வட்டம், பக்கத்துல ஒரே வரி: "யாருடைய வேலைக்கு?"

எனக்குப் புரியவே ஒரு நாள் ஆச்சு. உதவின்னு கேட்டாலே அது வேற யாரோட வேலைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். போதாததுக்கு, வாரத்துக்கு ஒரு தடவை டம்ளர் கழுவினவரும் ஆமான்னுதான் சொல்லுவார், நிக்காம வேலை பார்க்கிறவரும் ஆமான்னுதான் சொல்லுவார். என் பேப்பர்ல ரெண்டு பேரும் ஒண்ணு!

அப்புறம்தான் ஆன் ஓக்லிங்கிற பிரிட்டிஷ் சோஷியாலஜிஸ்ட் செஞ்ச ஆய்வைத் தேடிப் படிச்சேன், 1974ல வந்தது. லண்டன்ல 40 இல்லத்தரசிகள்கிட்ட உக்காந்து விலாவாரியா பேசியிருக்காங்க. வீட்டு வேலைங்கிறதை ஒரு ஃபேக்டரி வேலையை விசாரிக்கிற மாதிரியே விசாரிச்சாங்க: எத்தனை மணி நேரம், எது அலுப்பு, எது தனிமை? சராசரியா வாரத்துக்கு 77 மணி நேரம் வந்துச்சு. 77! அதுவரைக்கும் அதை வேலைன்னு எடுத்து ஆராய்ச்சி பண்ணணும்னு பெருசா யாருக்கும் தோணல.

என் கேள்வியை மாத்தினேன். "நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்." அவ்வளவுதான். முன்னாடி ஆமான்னு சொன்ன அதே ஆட்கள் சிலர்கிட்ட மறுபடியும் போனேன். ஒருத்தர் எழுந்தேன், பல்லு விளக்கினேன், ஃபோன் பார்த்தேன், சாப்பிட்டேன்னு வேகமா சொல்லிட்டே வந்தார். நடுவுல நிறுத்திட்டு, "நேத்து கொஞ்சம் வேலை இருந்துச்சுங்க, எப்பவும் இப்படி இல்ல"ன்னார். நான் ஒண்ணுமே கேக்கல மக்களே! சும்மா எழுதிக்கிட்டுதான் இருந்தேன்.

அதே கேள்வியை அன்னிக்கு ராத்திரி எனக்கு நானே போட்டு எழுதிப் பார்த்தேன். அந்தப் பேப்பரை மட்டும் ப்ராஜெக்ட்டுல சேர்க்கல.

பேட்டரி சிவப்புல மின்னுது. கை-ஸ்கொயரை அடுத்த வீடியோல போட்டுக் காட்டுறேன், கால்குலேட்டர் எடுத்து வெச்சுக்கோங்க. பை!