புரூஸ் ஃபூட்டைப் பல்லாவரத்துலயே நிறுத்திடாதீங்க மக்களே!

மக்களே வணக்கம்! இதைப் பாருங்க. ஃபோகஸ் ஆகுதா? இருங்க, கிட்ட காட்டுறேன். ஹாங். பிரிட்டிஷ் காலத்துப் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரிச்ச தொல்பொருட்களைப் பத்தின நூல், மெட்ராஸ் அரசு அருங்காட்சியகம் 1916ல போட்டது. ஒரிஜினல் இல்லப்பா, மறுபதிப்புதான். அதுக்கே எனக்கு ரெண்டு நாளா தூக்கம் வரல.

பழைய புத்தகக் கடையில கிடைச்சுது. எந்தக் கடைன்னு கேக்காதீங்க, போன தடவை சொல்லிட்டு நான் பட்டது போதும். 1,200 ரூபாய் சொன்னாரு. பின்னாடி பக்கத்தைத் திறந்து பூச்சி அரிச்சதைக் காட்டினேன். 1,000ன்னாரு. "கடைசிப் பக்கம் பாதி இல்லையேண்ணே"ன்னேன். "அது வெறும் ஊர்ப்பேர் பட்டியல் தம்பி, அதையெல்லாம் யாரு படிக்கப்போறா?"ன்னாரு. யோவ், நான் வந்ததே அதுக்குத்தான்யா! ஆனா மூஞ்சியில காட்டிக்கல. நம்ம பேரம் தெரியும்ல உங்களுக்கு. 700 ரூபாய்க்கு முடிச்சேன். முடிச்சு வெளிய வரும்போது கூப்பிட்டு, "கவருக்கு பத்து ரூபா"ங்குறாரு! 500 ரூபாய் குறைச்ச மனுஷன் கவருக்குப் பத்து ரூபா கேக்குறாரு! கையிலயே தூக்கிட்டு வந்துட்டேன். மழை வேற. சட்டைக்குள்ள வச்சுட்டு வந்தேன். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இப்ப ஒரு ஷார்ட்ஸ் சுத்திக்கிட்டு இருக்கு, பத்துப் பேராவது எனக்கு அனுப்பிட்டீங்க. "பல்லாவரத்தில் ஆதித்தமிழனின் ஆயுதம்!" பின்னாடி டமடமன்னு மியூசிக். எரிச்சலா வருது. 1863 மே 30, பல்லாவரத்துச் சரளைக் குழியில ஃபூட் ஒரு கைக்கோடரியை, அதாவது கையில பிடிச்சு வெட்டுற பழங்கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தாரு. நம்ம சேனல் பாக்குறவங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வீங்க. ஆனா அந்த ஒரு கல்லோட அவரை முடிச்சுடுறாங்க. அதுக்கப்புறம் மனுஷன் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் உயிரோட இருந்தாரு! 1912ல தான் இறந்தாரு.

அவரு தொல்லியல் ஆளே கிடையாது. புவியியல் ஆய்வுத் துறை ஆபீசர், 1858ல வேலைக்குச் சேர்ந்தவரு. பாறை வகை பார்த்து வரைபடம் போடுறதுதான் சம்பளம் வாங்குற வேலை. ஐரோப்பாவுல ஆத்துச் சரளையில பழைய கல்லாயுதம் கிடைச்ச சேதி வந்ததும், இங்கயும் இருக்கணுமேன்னு கண்ணு அதையும் தேட ஆரம்பிச்சுது. எங்க எந்தக் கல் கிடைச்சாலும் இடம் குறிச்சு வச்சாரு. இந்தப் புத்தகத்துல எதைத் திறந்தாலும் ஊர், ஆறு, ஓடை. கதை தேடிப் போனா கொட்டாவி வரும். எனக்கு இதுதான் பிடிக்குது.

ஏன்னா அதே 1863 செப்டம்பர்ல அவரும், அவரோட அதே துறையில வேலை பார்த்த வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கம் போனாங்க. கிங்கை எல்லாரும் மறந்துடுறாங்க, பாவம். திருவள்ளூர் மாவட்டம், கொசஸ்தலையாத்துப் பக்கம். நூத்து சொச்சம் வருஷம் கழிச்சு தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு, அவங்க குறிச்சு வச்ச அதே இடத்துல முறையா தோண்டுறாங்க. 2011ல வந்த முடிவு, அங்க இருக்குற அச்சூலியன் கருவிகளுக்கு, அதாவது கைக்கோடரி மாதிரியான ரொம்பப் பழைய கல்லாயுத வகைக்கு, சராசரியா 15 லட்சம் வருஷம், குறைஞ்சபட்சம் 10 லட்சத்துக்கு மேல. 2018ல அடுத்த கட்டுரை, அதே இடத்துல இடைப் பழங்கற்காலம், அதாவது கல்லாயுதம் செய்யுற முறை மாறின அடுத்த கட்டம், 3,85,000 வருஷத்துக்கு முன்னாடி வாக்குலயே தொடங்கிடுச்சுன்னு. இப்ப சொல்லுங்க, 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஏதுய்யா தமிழன்? நம்ம மனுஷ இனமே அப்ப பொறக்கல! கமெண்ட்ல சண்டைக்கு வாங்க, பரவாயில்ல.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது கல் இல்ல, சாணி. சிரிக்காதீங்க. கர்நாடகாவுல பெல்லாரிப் பக்கம் பெரிய பெரிய சாம்பல் மேடுங்க இருக்கு. சில இடத்துல உருகி இறுகி, கண்ணாடிக் கசடு மாதிரி கட்டி கட்டியா கிடக்கும். ஹம்பி பக்கத்துல ஒரு மேட்டை, ராமாயணத்து வாலியை எரிச்ச சாம்பல்னு ஊர்ல சொல்வாங்க. ஃபூட் இந்த மாதிரி மேடுகளைப் பார்த்துட்டு, இது மாட்டுச் சாணம் எரிஞ்ச சாம்பல்னு சொன்னாரு. கேட்டவங்க நம்பியிருப்பாங்களா? பிறகு 1950கள்ல தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் உட்னூர்ல இதே மாதிரி ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினாரு, அந்த ஊர் இப்ப தெலங்கானாவுல இருக்கு. பட்டி வேலிக்கு நட்ட கம்பங்களோட குழிகள் வந்துச்சு. அதோட மாட்டுக் குளம்புத் தடம்! புதிய கற்காலத்து மாடு நின்ன தடம், அப்படியே மண்ணுல! மாட்டைப் பட்டியில அடைச்சு, சேர்ந்த சாணியை அப்பப்ப எரிச்சிருக்காங்க. மாட்டை வச்சுப் பொழைச்ச ஒரு கூட்டத்தோட வாழ்க்கையே அங்க கிடைக்குது. கல்லைப் பார்த்து மனுஷனைச் சொல்றது கஷ்டம், சாணி பேசிடுச்சு.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன், இது முக்கியம். ஃபூட்டோட மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல்! யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலரை வச்சு பைபிளைத் தமிழாக்கம் பண்ணாரே, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தாரே, அவரேதான். மாமனார் பழமொழி பொறுக்க, மருமகன் கல் பொறுக்க... அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில என்னதான் பேசியிருப்பாங்க? ஃபூட்டுக்கு ஏற்காட்டுல ஹோலி டிரினிட்டி தேவாலயத்துல நினைவுச் சின்னம் இருக்கு. ஏற்காடு போறவங்க படகு மட்டும் விட்டுட்டுத் திரும்பாதீங்க.

அப்புறம் போன வீடியோவுல ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணா, ஓடையில கைக்கோடரி மாதிரி ஒரு கல் பார்த்தேன், வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடவா?" வேணாம்டா! ஷெல்ஃபுல வச்சா அது வெறும் அழகான கல். எந்த மண்ணுல கிடந்துது, பக்கத்துல என்ன இருந்துதுன்னு எல்லாம் போயிடும். கிடந்த இடத்துலயே விடு. பக்கத்துல ஒரு பேனா வச்சு, அளவு தெரியுற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடு. போன்ல இடத்தைக் குறிச்சுக்க. உங்க மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பு. பதில் வரலைன்னா மறுபடி அனுப்பு. அதையும் தாண்டி வரலைன்னா, கமெண்ட்ல இடத்தைப் போட்டுடாத, அள்ளிட்டுப் போயிடுவானுங்க. எனக்கு மெயில் பண்ணு.