கலகக்காரனுக்கு ஒரு சன்னதி

அவையோருக்கு வணக்கம்.

டோக்கியோவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன அகிஹபராவிலிருந்து பொடிநடையாக மேடேறினால் கான்டா மியோஜின் கோயில் வந்துவிடும். ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் கோயில். கம்ப்யூட்டருக்குக் கேடு வராமல் காக்கக்கூட அங்கே காப்பு விற்கிறார்கள். சிரிக்காதீர்கள், நன்றாகவே விற்கிறது.

அங்கே மூன்று தெய்வங்கள். முதலாவது ஓனாமுச்சி, மக்கள் அவரை தைகோகு என்று கும்பிடுகிறார்கள். அந்த தைகோகு, பௌத்தத்தோடு இங்கிருந்து போன மகாகாளர்தான். போன இடத்தில் உக்கிரம் போய், நெல்மூட்டை மேல் நின்று சிரிக்கிறார். இரண்டாமவர் சுகுனாபிகோனா, வணிகர்களின் எபிசு. மூன்றாமவர்தான் நான் பேச வந்த ஆள்: தைரா நோ மசகாதோ. ரத்தமும் சதையுமாக வாழ்ந்த மனிதர்.

939இல் கிழக்கு ஜப்பானில் கலகம் செய்து, "நானே புதுச் சக்கரவர்த்தி" என்று அறிவித்தார். 940இல் போரில் கொன்றுவிட்டார்கள். தலையை அன்றைய தலைநகர் கியோத்தோவுக்குக் கொண்டுபோய் ஊர் பார்க்க வைத்தார்கள். அந்தத் தலை கிளம்பிச் சொந்தச் சீமைக்கே பறந்து வந்து விழுந்தது என்பது கதை. விழுந்ததாகச் சொல்லும் இடம் டோக்கியோவில் இன்றைய ஓத்தேமாச்சி. வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே அந்தத் தலைக்கு எழுப்பிய சமாதி இன்னும் இருக்கிறது.

கோயில் அதற்கும் பழையது. பின்னாளில் அந்தச் சமாதி வந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் 730இல் எழுந்தது என்பது கோயில் வரலாறு. பின்னாளில் கொள்ளைநோய் வந்தபோது, மசகாதோவின் கோபம்தான் என்று ஊர் நடுங்கியது. சாந்தி செய்து, 1309இல் அவரையே தெய்வமாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1616இல் தொகுகாவா ஆட்சியாளர்கள் கோயிலை எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டைக்கு வடகிழக்கே, இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள். தீயசக்தி நுழையும் திசை அது என்பது நம்பிக்கை. சக்கரவர்த்தியை எதிர்த்தவர், சக்கரவர்த்தி பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் கோட்டைக்குக் காவல்! திருவிழாச் சப்பரங்கள் கோட்டைக்குள்ளேயே போய்வந்தன.

அடுத்து வந்தது மெய்ஜி ஆட்சி, அதிகாரம் மறுபடி சக்கரவர்த்தி பெயருக்குத் திரும்பிய காலம். 1874இல் சக்கரவர்த்தி கோயிலுக்கு வந்தார். ராஜத்துரோகி இருக்கும் சன்னதியில் அவர் எப்படித் தலைவணங்குவார்? மசகாதோவைத் துணைச் சன்னதிக்கு இறக்கிவிட்டு, ஓஅராய் கடற்கரைக் கோயிலிலிருந்து சுகுனாபிகோனாவை அழைத்துவந்து அமர்த்தினார்கள். கான்டா மக்கள் கொதித்துப்போனார்கள். ஒரு தெய்வத்துக்குப் பணியிட மாற்றல் போடும் துணிச்சல் அரசாங்கத்துக்கு மட்டும்தான் வரும்.

1923 நிலநடுக்கத்தில் கோயில் எரிந்தது. 1934இல் கான்கிரீட்டில் கட்டினார்கள். அழகில்லை என்று குறைசொல்பவர்கள் உண்டு, ஆனால் 1945 குண்டுவீச்சில் தாக்குப்பிடித்து நின்றது அதுதான். மசகாதோ மூலச் சன்னதிக்குத் திரும்ப 1984 ஆயிற்று. நூற்றுப்பத்து வருஷம்! ஒற்றைப்படை ஆண்டுகளின் மே மாதப் பெருவிழாவில் இப்போது அவரும் சப்பரத்தில் வருகிறார்.

இன்னொன்று. கான்டா பக்தர்களில் பழைய ஆட்கள் நாரிதா ஊரிலுள்ள நாரிதாசான் பௌத்தக் கோயிலில் கும்பிடப் போவதில்லை. மசகாதோ ஒழிய வேண்டும் என்று அன்று வேள்வி நடந்த இடம் அது. நாரிதா விமான நிலையத்தில் வந்திறங்கும் நமக்கு அந்தப் பகை கிடையாது, இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.