பிள்ளைக்கு ஊட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?

நடுவர் அவர்களே, பாலக்கோட்டுப் பெரியவர்களே, மடியில் பிள்ளையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஆறு மாதம் கடந்த பிள்ளையின் ஊட்டத்தில் குறை விழக் காரணம் வசதிக் குறைவா, நேரக் குறைவா என்பது தலைப்பு. நேரக் குறைவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் ஆப்பிள் விலையையும் பாதாம் விலையையும் அடுக்கி, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் கேட்கிறேன்: ஆறு மாதப் பிள்ளைக்கு ஆப்பிளும் பாதாமும் வேண்டும் என்று யார் சொன்னது?

நம் தர்மபுரி மாவட்டத்து மானாவாரிக் காட்டில் விளைகிற கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. 2023ஆம் ஆண்டு முதல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளவும் வழி வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். பருப்பு இருக்கிறது, முருங்கைக்கீரை இருக்கிறது, கோழி வளர்க்கிற வீட்டில் முட்டை இருக்கிறது. கேழ்வரகு மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் ஒட்டுவதில்லை. அதற்குத்தான் பருப்போடு பாலக்கோட்டுத் தக்காளியைச் சேர்த்து மசிக்க வேண்டும். தக்காளியின் வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். இதற்கு எந்த ஊரிலிருந்தும் எதுவும் வரவழைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் குறை இருக்கிறது, நடுவர் அவர்களே. அதை நான் மறைக்கவில்லை. தாய் வயிற்றில் இருந்தபோது பிள்ளை சேர்த்துக்கொண்ட இரும்புச்சத்து ஆறாம் மாதத்தோடு தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதனால்தான் 180 நாள் முடிந்ததும் திட உணவைத் தொடங்குங்கள், தாய்ப்பாலையும் இரண்டு வயதுவரை விடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நாடு முழுவதும் 6 முதல் 23 மாதப் பிள்ளைகளில் போதிய உணவு பெறுபவர்கள் 11.3 சதவீதம்தான். வசதி மிகுந்த வீடுகளிலும் இந்த எண்ணிக்கை பெரிதாக உயர்ந்துவிடவில்லை. பணம்தான் காரணம் என்றால் அங்கே உயர்ந்திருக்க வேண்டாமா? எதிரணி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊட்டுவது என்றால் என்ன என்று பார்ப்போம். கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்ட வேண்டும். வெள்ளை முளை தலைகாட்டியதும் நிழலில் உலர்த்தி, வாசம் வர வறுத்து, அரைத்து, சல்லடையில் சலிக்க வேண்டும். முளைகட்டிய மாவு கட்டியாக இறுகாது. அதனால் அதே அளவு கூழில் கூடுதலாக மாவு போடலாம், சின்ன வயிற்றுக்குக் கூடுதல் தெம்பு போகும். இத்தனைக்கும் செலவு மிகக் குறைவு. ஆனால் மூன்று நாள் கவனம் வேண்டும்.

அதன்பிறகுதான் உண்மையான வேலை. முதல் கரண்டியைப் பிள்ளை நாக்கால் வெளியே தள்ளும். அது வேண்டாம் என்பதன்று. இதுவரை உறிஞ்ச மட்டுமே பழகிய நாக்கு அப்படித்தான் செய்யும். மோவாயில் வழிந்ததை வழித்து மறுபடி வைக்க வேண்டும். முகம் சுளிக்கும், தலையைத் திருப்பும். திருப்பினால் நிறுத்த வேண்டும், வாயைத் திறந்தால் கொடுக்க வேண்டும். ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைகூட ஆகலாம். எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. வேளைக்கு அரைமணி என்று கணக்கிட்டால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் யாராவது ஒருவர் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தே ஆக வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் யாரிடம் இருக்கிறது? விடிவதற்கு முன்னே ஓசூர் ஆலைப் பேருந்துக்கு ஓடுகிறாளே, அந்தத் தாயிடம் இருக்கிறதா? தக்காளி பறிக்கவும் பூ எடுக்கவும் போகிறவளிடம் இருக்கிறதா? பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவளிடம் இருக்கிறதா? பாட்டிமேல் பழி போடுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். அவர் ஆட்டையும் பார்க்க வேண்டும், அடுப்பையும் பார்க்க வேண்டும். அதனால்தான் கூழ் தண்ணீராகிறது. பால் புட்டியின் காம்பில் ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்கி, அந்தத் தண்ணீர்க் கஞ்சியை ஊற்றி வாயில் வைத்துவிடுகிறோம். ஐந்து நிமிடத்தில் புட்டி காலி. வயிறு நிறைந்தது, பிள்ளை தூங்கிவிட்டது, உடம்பில் சேர்ந்ததோ சொற்பம். கரண்டியைச் சாய்த்தால் சட்டென ஒழுகாமல் நிற்கிற கூழ்தான் பிள்ளைக்கு உணவு. அதை விழுங்கவைக்கப் பொழுது வேண்டும். வீட்டில் மாவு இல்லாததால் கஞ்சி நீர்த்துப்போகவில்லை, எதிரணியினரே. ஊட்ட ஆள் இல்லாததால் நீர்த்துப்போகிறது.

சட்டத்தையும் பாருங்கள். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் ஊதியத்தோடு விடுப்புத் தந்தது. நல்ல சட்டம், நான் வணங்குகிறேன். ஆனால் 26 வாரம் என்பது சரியாக ஆறு மாதம். எந்த நாளில் முதல் கரண்டி தொடங்க வேண்டுமோ அந்த நாளில் தாய் ஆலை வாசலில் நிற்க வேண்டும்! பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துவிட்டாள் என்றால் பிள்ளைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும், எழுந்து போய்விட வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு இருக்கிறது. அதே வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு அதில் பாதி. காட்டு வேலைக்காரிக்கு ஒரு நாளும் இல்லை.

"அப்படியானால் பெண்கள் வேலைக்கே போகக் கூடாதா?" என்று எதிரணித் தோழர் கீழிருந்து குரல் கொடுக்கிறார். போக வேண்டும், ஐயா. அவள் சம்பாதித்துத்தான் அந்த வீட்டில் முட்டையே வருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காப்பகம் பெயர்ப்பலகையாக நிற்காமல், அடுப்போடும் ஆயாவோடும் நடக்கட்டும். ஊரில் அறுவடைக் காலத்துக்காவது ஒரு திண்ணையும் ஊட்டத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும்.

இங்கே பின்வரிசையில் கைகட்டி நிற்கும் தகப்பன்மார்களையும் கேட்கிறேன். பால் கொடுக்கத் தாய் வேண்டும். கூழ் ஊட்டத் தாய்தான் வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளையை எதிரே நிமிர்த்தி உட்காரவைத்து, கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுக்க எத்தனை பேர் தயார்? எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். பணத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். நாளை காலை ஏழு மணிக்கு அந்தக் கரண்டி யார் கையில் இருக்கும் என்பதையும் இந்த மேடையில் சொல்லிவிட்டுப் போகட்டும்.