மலை ஏறும் வண்டியும் அது விடும் புகையும்

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். உதகை 2,240 மீட்டர். ஆட்களும் மூட்டையுமாக ஒன்றரை டன் எடையுள்ள காரை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் மூன்று லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகும். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகவே வெளியேறிவிடுகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும். அது எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனுடையது. ஆக, உயரம் ஏறியதற்கு மட்டுமே ஏழு கிலோவுக்கு மேல். புகைக்கரி சில நாளில் மழையோடு மண்ணுக்கு வந்துவிடும். இந்த வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கி வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

ஏறும் செலவைத் தவிர்க்க முடியாது. இறங்கும்போது அதில் கொஞ்சம் மீட்கலாம். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடுகிறார்களே, அது தப்புக் கணக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும்; சரிவே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, கட்டை தேய்ந்த தூளும் காற்றில் கலக்கும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகை உயிருக்கு மட்டுமல்ல, டேங்குக்கும் நல்லது.

சீசனில் பர்லியார் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள். சும்மா ஓடும் கார் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள டீசல் வண்டிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பாரத்தோடு ஏறி வந்த வேகத்தில் சட்டென்று அணைத்தால் டர்போவில் ஆயில் கருகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் அனுமதிச் சீட்டு வண்டிகளை எண்ணுகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு புகை விடுகிறது என்பதை எண்ணுவதில்லை.

அடுத்தது கரும்புகை. உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புதிய வண்டியில் சென்சார் அதை அறிந்து எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும். கோயமுத்தூரில் டியூன் செய்த பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) ஜீப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பெட்ரோல் மிஞ்சும், பிளக் கறுக்கும், கார்பன் மோனாக்சைடு கூடும். டர்போ இல்லாத பழைய டீசல் லாரிக்கும் இதே கதைதான். இழுவை போதவில்லை என்று இன்ஜினின் டீசல் பம்பில் டீசலைக் கூட்டித் தரச் சொல்கிறார்கள். காற்று போதாத இடத்தில் டீசலைக் கூட்டினால் கரிதான் கூடும். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். அப்புறம் இன்ஜெக்டரைச் சோதிக்கலாம். நீலப்புகை வந்தால் அது வேறு வியாதி: பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிகிறது.

குளிர்காலையில் வரும் வெள்ளைப்புகைக்குப் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. அந்த நீராவிதான் குளிரில் வெளுப்பாகத் தெரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை) பார்க்க வேண்டும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. பனிக்கால இரவில் குளிர்காற்று சரிவில் வழிந்து ஏரிப் பள்ளத்தில் தேங்கும். மேலே சற்று வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். வெயில் ஏறும்வரை புகை அதற்குள்ளேயே கிடக்கும். பள்ளிக்கூட வண்டிகள் கிளம்புவதும் அந்நேரம்தான். புகைக்குழாயில் நச்சுவாயுக்களைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். நிற்க வைத்து வார்ம்-அப் செய்தால் அது மெதுவாகத்தான் சூடாகும். அதுவரை புகை சுத்தமாகாமலே வெளியேறும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அதிகம் அழுத்தாமல் ஓட்டுங்கள்.