தேரில் ஏறிய பிலிப்பு

நடுவர் அவர்களே, புளியந்தீவில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம்.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் கத்தோலிக்கர் முதலில் தரவேண்டியது அறிவுரையா, மரியாதையா என்பது தலைப்பு. "மரியாதை கொடுத்தால், திருச்சபை மறுப்பதை நாம் ஏற்றுக்கொண்டதாகிவிடும்" என்றார் எதிரணித் தலைவர்.

திருச்சபை மறுப்பதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. மனித மாண்பு பற்றி 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, பாலின மாற்றச் சிகிச்சையை ஏற்கவில்லை. எதிரணியினர் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினார்கள். எந்த நிலையிலும் மனிதரை விட்டு நீங்காத மாண்பு உண்டு என்றுதான் அந்த அறிக்கை தொடங்குகிறது. அதை எழுதிய, வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமே, ஐந்து மாதங்களுக்கு முன் வேறொரு கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தது. திருநங்கையரும் திருநம்பியரும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறலாமா? இடறலோ குழப்பமோ எழாத சூழலில், ஏனைய விசுவாசிகளைப் போலவே பெறலாம். திருமணத்துக்குச் சாட்சியாகவும் நிற்கலாம். சிகிச்சை வேண்டாம் என்ற கைதான் திருமுழுக்குத் தொட்டிக்கு வழியும் காட்டுகிறது.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர், அதாவது விதை நீக்கப்பட்டவர், தேரில் எசாயா இறைவாக்கினரின் நூலைப் படித்துக்கொண்டு போகிறார். அண்ணகரும் திருநங்கையும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் உடலைக் காரணம் காட்டி ஆண்டவரின் சபைக்குள் விடக்கூடாது என்று பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் ஒதுக்கிவைத்த மனிதர் அவர். நற்செய்தி அறிவிப்பாளர் பிலிப்பு அவருக்குப் போதித்தாரா? போதித்தார். எப்போது? தேரில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்த பிறகு! வழியில் தண்ணீரைக் கண்டதும், "நான் திருமுழுக்குப் பெற என்ன தடை?" என்று அந்த அண்ணகரே கேட்டார்.

கொரோனாக் காலத்தில் உரோமைக்கு அருகே டோர்வாயானிகாவில், பிழைக்க வழியின்றிப் பங்கு ஆலயத்தைத் தேடிவந்த திருநங்கையருக்குத் திருத்தந்தை பிரான்சிஸின் தர்மப் பணியகம் உதவியது. 2023இல் வறியோர் தினத்தன்று அவர்களில் சிலர் அவரோடு மதிய உணவுக்கு அமர்ந்தார்கள்.

இனி நம் ஆலயத்துக்கு வருகிறேன். சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் பங்கில் ஒரு திருநங்கை கடைசி வாங்கில் இருந்தார். சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சுவாமி சொன்னதும் எல்லோரும் ஒருவரையொருவர் கும்பிட்டார்கள். அவருக்கு முன் வாங்கில் நின்றவன் திரும்பினான், அவரைக் கண்டான், கும்பிடாமலே திரும்பிக்கொண்டான். "இறைவனின் செம்மறியே" என்று பாடல் தொடங்கிய பிறகும் அந்தப் பெண் குவித்த கைகளை இறக்கவில்லை.

கும்பிடாதவன் நான்தான், நடுவர் அவர்களே. எதிரணி சொல்லும் அறிவுரையை அந்த நிமிடம் நான் சொல்லியிருந்தால், அவர் காதில் அது ஏறியிருக்குமா?

பூசை முடிந்து எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தபோது, என் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மகள், எந்த ஊர்?" என்று கேட்டார்.