வரிப்பணமும் வீதி விழாவும்: 'கடமையே' என்ற அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம்.

'பல்கலாசாரச் சமூகங்களின் விழாக்களுக்கு ரொறன்ரோவில் அரசு பணம் தருவது கடமையா, வீண்செலவா?' என்பது தலைப்பு. கடமையே என்று பேச வந்திருக்கிறேன். 1971-இல் பிரதமர் பியர் ட்ரூடோ பல்கலாசாரக் கொள்கையை நாடாளுமன்றத்தில் அறிவித்ததையும், 1988-இல் அது சட்டமானதையும் எங்கள் அணித் தலைவர் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் அங்கே நிற்கப்போவதில்லை. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "நீங்கள் வீதியில் நின்று கொத்துரொட்டி தின்பதற்கு என் வரிப்பணம் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போயிருக்கிறார். அதற்கு விடை சொல்லாமல் இந்த ஒலிவாங்கியை விட்டு நான் நகரமாட்டேன்.

கொத்துரொட்டிக்கு அரசு பணம் தருவதில்லை, ஐயா. கடைக்காரர் இடத்துக்குக் கட்டணம் கட்டித்தான் கடை போடுகிறார். தின்பவர் தன் கையிலிருந்துதான் காசு கொடுக்கிறார். மேடையில் பறை அடிக்கும் பிள்ளைகளில் பலரும், அவர்களைப் பழக்கிய ஆசிரியர்களில் பலரும் ஒரு சதம்கூட எதிர்பார்ப்பதில்லை. விழா நடத்துபவர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் செலவுகள் வேறு. வீதியை மறித்து நிற்கும் பொலிசாருக்கான கட்டணம், காப்புறுதி, முதலுதவி, நடமாடும் கழிப்பறைகள், விழா முடிந்தபின் குப்பை அள்ளும் வேலை ஆகியவையே அவை. கூடும் மக்களின் பாதுகாப்புக்காக மாநகரம் விதிக்கும் இந்த நிபந்தனைகளின் சுமையில் ஒரு பங்கை அரசு ஏற்பதைத்தான் நண்பர் கொத்துரொட்டி என்கிறார்.

"உங்கள் விழாவை நீங்களே நடத்துங்கள்" என்றும் சொன்னார். தாங்களே தொடங்கி நடத்தியவர்களின் கதையைக் கேளுங்கள். 1955-இல் கனடா, ஜமெய்க்காவிலிருந்தும் பார்படோசிலிருந்தும் பெண்களை வீட்டுவேலைக்கு அழைத்தது. திருமணமாகாதவராக இருக்கவேண்டும், பிள்ளைகள் இருக்கக்கூடாது, குறைந்தது ஓராண்டு பிறர் வீட்டில் வேலை செய்யவேண்டும் என்பன நிபந்தனைகள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1967-இல், கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது ரொறன்ரோவின் கரீபியச் சமூகம் இந்த நாட்டுக்கு ஒரு பரிசு கொடுத்தது. அந்தப் பரிசுதான் கரிபானா என்ற வீதி விழா.

இதை இன்னொருமுறை சொல்ல அனுமதியுங்கள், நடுவர் அவர்களே. எந்தச் சமூகத்தின் பெண்களை அடுக்களை வேலைக்கென்று இந்த நாடு தேடி அழைத்ததோ, அந்தச் சமூகம் இறகும் மணியும் அணிந்து, ஸ்டீல்பான் என்ற எஃகு மேளம் முழங்க, நகரத்தின் நடுவீதியில் ஊர்வலமாக வந்து, பிறந்தநாள் கொண்டாடிய நாட்டுக்குப் பரிசு நீட்டியது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பாருங்கள்! ஒருமுறை மட்டும் என்று தொடங்கிய அந்த விழாவை நகரம் விடவில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் பொருளாதாரத்துக்கு அதனால் 40 கோடி டொலருக்கு மேல் பயன் கிடைத்ததாக 2009-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அத்தனை பெரிய விழாவும் பணமின்றித் தத்தளித்திருக்கிறது. ஒரு காலத்தில், பணம் கொடுத்த வங்கியொன்றின் பெயரே அந்த விழாவின் பெயருக்கு முன்னால் நின்றது. பத்து லட்சம் பேர் கூடும் விழாவைத் தேடி வங்கி வரும். இதே நகரத்தின் பார்க்டேல் பகுதியில் வாழும் திபெத்தியர்கள் தங்கள் புத்தாண்டைக் கொண்டாட எந்த வங்கி வரும்? அங்கே அரசுதான் வரவேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தால் அவை பொறுத்துக்கொள்ளட்டும். பொலிசாருக்குக் கொடுக்கும் பணம் வீண் என்றார் நண்பர். 1974 ஜனவரி 10 அன்று, யாழ்ப்பாணத்தில், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாளில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் மக்கள் தரையில் அமர்ந்து தமிழறிஞர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் பொலிசார் வந்தார்கள். கண்ணீர்ப்புகையும் தடியடியுமாகக் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். மின்கம்பிகள் அறுந்து விழுந்தன. தமிழ் கேட்க வந்தவர்கள் பிணமாக வீடு திரும்பினார்கள். அதுவும் ஒரு நகரம்தான், அதுவும் ஒரு பண்பாட்டு விழாதான், அங்கேயும் ஓர் அரசு இருந்தது.

அதே ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் 2016 ஒக்டோபரில் நிறைவேற்றியது. ஓகஸ்ட் மாதத்தில் ஸ்காபரோவின் மார்க்கம் வீதியில் தமிழர் தெருவிழா நடக்கும்போது, பொலிசார் வாகனங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகள் நடுவீதியில் ஆடுகிறார்கள். சீருடை அணிந்த ஒருவர் நம் விழாவுக்குக் காவலாக நிற்பதைப் பார்ப்பதற்கு நம்மில் சிலர் ஒரு வாழ்நாள் காத்திருந்தார்கள். அதைப் பார்க்காமலே போனவர்கள் எத்தனை பேர்!

வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் அன்று இருந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். நடுவர் அவர்களே, அந்தப் பொலிசாருக்கான கட்டணம் வீண்செலவா என்று அவர்களைக் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். வணக்கம்.