மிளகாய் மில்லுக்கும் வரிச்சலுகை உண்டு

(திருகோணமலையில் சிறு தொழில் செய்வோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

வரிச்சலுகை என்றதும் நமக்கு நினைவு வருவது துறைமுகத்தை அண்டியிருக்கும் பெரிய ஆலைகள்தான். கப்பலில் சரக்கு இறக்குகிறவர்களுக்குத்தான் அதெல்லாம், நமக்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். முப்பது வருடம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், அப்படி விட்டு நாம் இழந்த காசு கொஞ்சமல்ல.

போன மாதம் உப்புவெளியில் ஒரு தங்கச்சியின் மில்லுக்குப் போனேன். மிளகாயும் மல்லியும் அரைத்து, பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். வாசலிலேயே தும்மல் பிடித்துவிட்டது. 12 இலட்சத்துக்கு வாங்கிய புது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பில் எங்கே பிள்ளை?" என்று கேட்டேன். மெஷின் வந்த பெட்டியோடு அதுவும் போய்விட்டதாம். விற்பனைக் கணக்கு? கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், கொளுக்கியில் குத்தித் தொங்குகிறது.

அந்தப் பில்லுக்கு என்ன பெறுமதி என்று பாருங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, உற்பத்திக்கான இயந்திரத்தின் விலையை 5 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வருமானத்தில் கழிக்கலாம். 12 இலட்சம் என்றால் ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். அவருக்கு ஆண்டு இலாபம் 24 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. மிச்சம் 6 இலட்சத்துக்கு 6 வீதம், 36 ஆயிரம் ரூபாய். மெஷினைக் கழித்தால் 21 ஆயிரத்து 600. ஆண்டுக்கு 14 ஆயிரத்து 400, ஐந்து ஆண்டில் 72 ஆயிரம் ரூபாய். அவ்வளவும் ஒரு துண்டுக் கடதாசியில் தங்கியிருக்கிறது.

இங்கே இன்னொன்று. தன் பெயரில் தொழில் செய்கிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு. கம்பனியாகப் பதிந்தால் பொதுவான வீதம் 30, அந்த 18 இலட்சக் கழிவும் கிடையாது. மதிப்புக்காக 'பிரைவேட் லிமிடெட்' பலகை மாட்ட அவசரப்படாதீர்கள் தம்பிமாரே.

நிலாவெளியில் விடுதி நடத்துகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா, அப்புறம் 2022 எரிபொருள் வரிசை. அறைகள் வெறுமையாகக் கிடந்ததை நானும் கண்டேன். ஒரு வருட நட்டத்தைப் பின்வரும் 6 ஆண்டுகள் வரை இலாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நட்டப்பட்ட வருடத்திலேயே வருமான வரி விபரத்திரட்டு, அதாவது ரிட்டர்ன், கொடுத்து அதைக் காட்டியிருக்க வேண்டும். "உழைப்பே இல்லை, எதற்கு ரிட்டர்ன்?" என்று இருந்தவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

சரி, நம் பக்கத்துக் குறையைச் சொன்னேன். அரசாங்கத்தின் பக்கமும் சொல்லத்தான் வேண்டும். அதே சட்டம் புதிய முதலீட்டுக்கு மேலதிக மூலதனக் கழிவு வைத்தது, அதாவது போட்ட முதலில் இத்தனை வீதத்தை வருமானத்தில் கழிக்கலாம். வட மாகாணத்துக்கு 200 வீதம், கிழக்கு மாகாணத்தில் இருக்கிற நமக்கு மற்ற மாகாணங்களோடு சேர்த்து 100 வீதம். யுத்தமும் சுனாமியும் தின்ற கரை இது. மூதூரும் கிண்ணியாவும் குச்சவெளியும் பட்டது யாருக்குத் தெரியாது? அதைவிட மோசம், நிரந்தரமாக எழுதிவைத்த அந்தச் சலுகை 30 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போடுகிறவருக்குத்தான். 30 இலட்சம் ரூபாய் போடுகிறவரையும் மனதில் வைத்து எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வற் எனும் பெறுமதி சேர் வரியும் அப்படித்தான். பதிவு கட்டாயமாகும் ஆண்டு விற்பனை எல்லை 2020இல் 300 மில்லியன் ரூபாய், 2022இல் 80 மில்லியன், 2024 ஜனவரியில் 60 மில்லியன். வரி 18 வீதம். எல்லை இறங்க இறங்க, வளர்ந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்துக் கிளை திறக்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். வளர்கிறவன் பயப்படுகிற இடத்தில் யார் நாலு பேருக்கு வேலை கொடுப்பார்?

அந்தத் தங்கச்சி மெஷின் வாங்கிய கடைக்குக் கோல் எடுத்தார். பிரதி அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். வந்ததும் கலண்டர் தாள்களையும் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து கொப்பி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அப்படிப் பையில் கிடக்கிற பில்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். தேநீர் முடியும்வரை இந்த மேசையில்தான் இருப்பேன்.